பின்னிருக்கையில் ஒரு மணி நேரம்



இந்த வாரம் நான் எழுதப்போவது ஒரு வண்டியைப் பற்றியது. ஏசி பழுதைப் பற்றி ஒரு போதகர் எழுதுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆகிலும் கடந்த சித்திரையில் நடந்த காரியத்தை விட்டுவிட்டு வேறொன்றை எழுத என் மனம் இடங்கொடுக்கவில்லை. ஏழெட்டுப் பேரை ஏற்றிச் செல்லும் வண்டி வைத்திருக்கிற சபைகளுக்கும் குடும்பங்களுக்கும் இதில் நேரடியான பயனும் உண்டு.

எங்கள் சபைக்கு ஒரு டீசல் வண்டி இருக்கிறது. மூன்று வரிசை இருக்கைகள். ஓட்டுகிறவரையும் சேர்த்து எட்டுப் பேர் அமரலாம். பழைய வண்டியாகவே வாங்கினோம். இப்போது அதற்கு 11 வயது. மாதம் ஒருமுறை சபையின் முதியவர்களை, தூத்துக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் கடற்கரைக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். சபையின் தம்பி ஒருவர் ஓட்டுவார். அவருக்கு அருகே முன்னிருக்கையில் நான். ஐயர் முன்னால்தான் உட்காரவேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. நானும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

சென்ற ஆண்டுக் கோடையிலேயே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பின்னால் கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறது ஐயா" என்றார்கள். எனக்கு எதிரே டேஷ்போர்டில் இருந்த வென்ட்டில் கையை வைத்துப் பார்த்தேன். காற்று சில்லென்று வந்தது. "ஏசி நன்றாகத்தானே வருகிறது, சற்றுப் பொறுங்கள், வண்டி ஓட ஓடப் பின்னாலும் குளிர்ந்துவிடும்" என்று சொன்னேன். அந்தக் கோடையில் அதே பதிலை எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. கேட்டவர்களுக்கு நினைவிருந்தது என்பதைப் பிற்பாடு அறிந்தேன்.

கமிட்டியார் சொன்னதற்கிணங்க இரண்டு முறை வண்டியை ஒரு பட்டறையில் விட்டோம். இரண்டு முறையும் கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்கள். இரண்டு முறையும் முன்பக்கம் முன்னிலும் அதிகமாய்க் குளிர்ந்தது. எனக்குத் திருப்தி.

சித்திரை மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை பரிசோதனை முடிந்து திரும்பும்போது மணி ஒன்றாகிவிட்டது. வாகைக்குளம் தாண்டுவதற்குள் முன்னே ஒரு லாரி பழுதாகி நின்றுவிட, இருபது நிமிடம் வண்டிகள் நகரவில்லை. மூன்றாம் வரிசையில் எங்கள் சபையின் மூத்த தாயார் ஒருவர் இருந்தார், வயது 78. ஊரில் எல்லாருக்கும் ஆச்சி. மெலிந்த தேகமாகையால், முழங்கால் வலிக்காரர்களுக்கு நடு வரிசையை விட்டுக்கொடுத்துவிட்டுத் தாமாகவே கடைசி வரிசையில் ஏறிக்கொள்வார். திடீரென்று பக்கத்தில் இருந்த அம்மாள், "ஐயா, ஆச்சி பேசமாட்டேன் என்கிறார்கள்" என்று கூவினார்.

இறக்கி வேப்பமர நிழலில் படுக்கவைத்தோம். உடம்பு அடுப்பங்கல் போலச் சுட்டது, வியர்வை இல்லை. நீர் தெளித்து, விசிறி, பிறகு ஒரு ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்றோம். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து தேறினார். முதுமையில் தாகமும் வியர்வையும் குறைந்துவிடும் என்றும், இரத்த அழுத்தத்திற்காக அவர் எடுக்கும் மாத்திரை சிறுநீரை அதிகமாய்ப் போக்கக்கூடியது என்றும், வழியில் இறங்கச் சங்கடப்பட்டுக் காலையிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். வண்டியின் வெப்பம் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

அவருடைய பையை எடுத்து வைக்கும்போது பார்த்தேன். உள்ளே ஒரு பனையோலை விசிறி. பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துவைத்த ஒரு ஈரத்துண்டு. "ஆச்சி எப்போதும் கொண்டுவருவார்கள் ஐயா, போன வருஷத்திலிருந்தே" என்றார் உடன் இருந்தவர்.

மூன்றாம் நாள் வீட்டிற்குச் சென்று, "ஏன் ஆச்சி என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். குற்றஞ்சாட்டும் தொனி சற்றும் இல்லாமல் அவர் சொன்னார்: "போன வருஷமே சொன்னோமே ஐயா. நீங்கள் கையை வைத்துப் பார்த்து, நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகும் சொன்னால் மரியாதையா?"

எனக்குப் பதில் இல்லை.

பேருந்து, வேன் ஏசி வேலை மட்டுமே செய்யும் ஒரு இளைஞரைத் தூத்துக்குடியில் ஒருவர் காட்டினார். அவர் வண்டியைச் சுற்றி வந்து, பானட்டைக்கூடத் திறக்காமல் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, நீங்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் ஏறுங்கள்" என்று மூன்றாம் வரிசையைக் காட்டினார். மதியம் பன்னிரண்டு மணி, அவரே ஓட்டினார். ஒரு மணி நேரம் நான் அங்கே இருந்தேன். பின்பக்கக் கண்ணாடி வழியே வெயில் பிடரியில் விழுந்தது. தலைக்கு மேலிருந்த வென்ட்டிலிருந்து வந்த காற்று, ஒருவர் தூரத்தில் நின்று ஊதுவதைப் போலிருந்தது. அதில் ஈரத்துணி நாற்றமும் இருந்தது. அரைமணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவரோ குளிர் தாங்காமல் தம் பக்கத்து வென்ட்டைத் திருப்பி விட்டுக்கொண்டார்.

வண்டியை நிறுத்தி இரண்டு சிறிய வெப்பமானிகளை எடுத்தார். வெளியே 37 டிகிரி. முன் வென்ட்டில் 9. எங்கள் தலைக்கு மேல் 21. "ஐயா, ஏசி வரவில்லை என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். காற்று குறைவா, குளிர் குறைவா என்று பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது" என்றார். காற்று நன்றாக அடித்து, ஆனால் சூடாக இருந்தால் கேஸ், கம்ப்ரஸர், வால்வு ஆகியவற்றின் பக்கம் பார்க்கவேண்டுமாம். காற்றே வராவிட்டால் புளோயர், அடைப்பு ஆகியவற்றின் பக்கம். எங்கள் வண்டியில் இரண்டுமே குறைவு. அப்படியானால் ஒன்றுக்கு மேற்பட்ட பழுது இருக்கலாம், ஒன்றைச் சரிசெய்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது என்றார்.

இத்தகைய வண்டிகளில் குளிர் எப்படிப் பின்பக்கம் போகிறது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். முன்பக்கக் குளிரையே குழாய் வைத்துப் பின்னால் தள்ளுகிறார்கள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். சில வண்டிகளில் அப்படித்தான். நடுவில் இருக்கும் பெட்டியின் பின்புறத்து வென்ட்டுகள் முன்பக்கக் காற்றையே கடத்துகின்றன. கூரையில் வென்ட் உள்ள எங்கள் வண்டியிலோ பின்பக்கத்திற்கென்று தனியாக ஒரு கூலிங் காயில், தனி எக்ஸ்பான்ஷன் வால்வு, தனி புளோயர். அவை மூன்றாம் வரிசையின் வலதுபக்கச் சுவருக்குள் மறைந்திருக்கின்றன. கம்ப்ரஸரும் கண்டென்சரும் மட்டும் இரண்டுக்கும் பொது. வண்டியின் அடியில் ஓடும் நீண்ட குழாய்கள் வழியாக கேஸ் பின்னுக்குப் போய்த் திரும்புகிறது. ஆர்-134ஏ என்னும் அந்தக் கேஸ் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் தன்மையுள்ளது. அழுத்தத்தினால் திரவமாக்கி, வால்வின் சிறு துளை வழியே காயிலுக்குள் விட்டால், அது கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைக் காயிலைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நமக்குக் குளிர்வது இதனால்தான்.

பின்னும் ஒன்று சொன்னார். காயில் உறைந்துபோகாதபடி, குளிர் ஒரு அளவுக்கு வந்ததும் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லும் உணர்வான் ஒன்று உண்டு. எங்கள் வண்டியில் அது முன்பக்கக் காயிலில் மட்டுமே இருக்கிறது. முன்பக்கம் குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும். பின்னால் இருப்பவர்கள் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரிய வழியில்லை. இதைச் சொல்லிவிட்டு அந்த இளைஞர் சாதாரணமாக ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார். நான் சிறிதுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் காசில்லாத காரியங்களைப் பார்த்தார். பின்பக்க ஏசிக்கு டேஷ்போர்டில் ஒரு பொத்தான் உண்டு, அது இயங்கியது. நடு வரிசைக்கு மேலே கூரையில் பின்பக்கக் காற்றின் வேகத்திற்கு ஒரு திருகு உண்டு. அது மூன்றில் ஒன்றில் நின்றது. மூன்றுக்குத் திருப்பினார். சத்தம் கூடியது, காற்று கூடவில்லை. திருகின் எல்லா எண்களிலும் விசிறி சுழன்றதால் ரெசிஸ்டர் நன்றாக இருக்கிறது என்றார். அது எரிந்துபோனால் பெரும்பாலும் உச்ச வேகம் மட்டுமே வேலை செய்யுமாம். பிறகு பின்புறக் கதவைத் திறந்து, "இது என்ன ஐயா?" என்று கேட்டார்.

ஆராதனைக்கு விரிக்கும் ஜமக்காளச் சுருள்கள் மூன்று, பாட்டுப் புத்தகப் பெட்டி ஒன்று, கன்வென்ஷன் பேனர்கள். எப்போதும் வண்டியிலேயே கிடப்பவை. வலதுபக்கச் சுவரோடு நேர்த்தியாய் அடுக்கியிருந்தோம். அவற்றுக்குப் பின்னால்தான் பின்பக்க ஏசி காற்றை உள்ளிழுக்கும் சல்லடை இருந்தது! மூச்சுவிடும் நாசியின்மேல் நாங்களே ஜமக்காளத்தை வைத்து அழுத்தியிருக்கிறோம். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஒரு மெல்லிய காகிதத்தைச் சல்லடையருகே பிடித்துக் காட்டினார். நல்ல வண்டியில் அது சல்லடையில் ஒட்டிக்கொள்ளவேண்டும். இங்கே லேசாக அசைந்தது, விழுந்தது.

ஆகவே சுவரின் உள்பலகையைக் கழற்றினார். கூலிங் காயில் வெளியே தெரிந்தபோது, அது உலோகம் என்றே சொல்லமுடியவில்லை. புழுதி, தலைமுடி, ஜமக்காளத்து நூற்பிசிறு எல்லாம் ஈரத்தில் ஊறி, சாம்பல் நிறக் கம்பளியைப் போல அதன் முகத்தை மூடியிருந்தன. முன்பக்கக் காற்றுக்கு வடிகட்டி இருக்கிறது, ஆண்டுதோறும் மாற்றுகிறோம். பின்பக்கத்திற்கு எங்கள் வண்டியில் வடிகட்டியே கிடையாது. 11 ஆண்டுகளில் எவரும் அந்தப் பலகையைத் திறந்ததற்கான அடையாளம் இல்லை. காயிலில் ஊறும் தண்ணீர் வடியும் குழாயும் அடைத்திருந்தது. ஈரத்துணி நாற்றம் வந்த வழி அதுவே. காயிலின் தகடுகள் மிக மெல்லியவை, வேகமான நீரைப் பாய்ச்சினால் மடங்கிவிடும் என்று சொல்லி, நுரைக் கரைசலும் மென்மையான தூரிகையும் கொண்டு இரண்டு மணி நேரம் பொறுமையாய்க் கழுவினார். இப்படிப்பட்ட வேலையைச் செய்கிறவர்களுக்கு நாம் கூலி பேசும்போது சற்று யோசிக்கவேண்டும்.

காற்று திரும்பியது. குளிர் இன்னும் போதவில்லை, பின்னால் 17. அப்போதுதான் அழுத்தமானிகளைப் பொருத்தினார். அவ்வளவு வெயிலில் தாழ்பக்கம் 30 முதல் 40 பிஎஸ்ஐ வரையிலும் உயர்பக்கம் 200க்கு மேலும் இருக்கவேண்டும். எங்கள் வண்டியில் 20ம் 150ம் காட்டின. இரண்டும் ஒருசேரத் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு என்று பெரும்பாலும் கொள்ளலாமாம். இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்து எடைபோட்டபோது 520 கிராம் வந்தது. பானட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 800 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. நான் அந்தத் தாளை ஆண்டுக்கணக்காய்ப் பார்த்திருக்கிறேன், ஒருமுறையும் வாசித்ததில்லை.

"போன வருஷம் இரண்டு தரம் நிரப்பினோமே?" என்றேன்.

"நிரப்பினார்கள் ஐயா. எங்கே போனது என்று தேடினார்களா?" என்றார். ஏசியின் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீருகிற பொருளல்ல. மூடிய வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வருவது. மிகச் சிறிதளவு ஆண்டுக்கணக்கில் கசியலாம். ஒரே கோடையில் இரண்டு முறை குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை விட்டுவிட்டு நிரப்பிக்கொண்டே இருந்தால் சில வாரம் குளிரும், கேஸோடு கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெயும் கொஞ்சங்கொஞ்சமாய் வெளியேறும், கடைசியில் கம்ப்ரஸரே போய்விடும். வெளியேறும் கேஸும் சாதுவானதல்ல. ஓசோனுக்குக் கேடு செய்யாது என்றாலும், பூமியைச் சூடாக்குவதில் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலானது.

அந்த எண்ணெயே ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது. வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தவர், பின்சக்கரத்தருகே குழாயின் இணைப்பு ஒன்றில் புழுதி பிசுபிசுத்து ஒட்டியிருந்ததைச் சுட்டினார். நைட்ரஜனை உள்ளே செலுத்தி, சோப்பு நுரை தடவினார். சிறுசிறு குமிழிகள் கிளம்பின. உப்பளங்களைச் சுற்றியே ஓடும் வண்டி. சக்கரம் வாரியடிக்கும் உப்புச் சேறு குழாயைத் தாங்கும் இரும்புப் பட்டையை அரித்துவிட்டது. பட்டை தளர்ந்ததும் குழாய் குலுங்கிக் குலுங்கி, இணைப்புக்குள் இருந்த ஓ-ரிங் தேய்ந்துபோயிருந்தது. புது ஓ-ரிங்கும் பட்டையும் போட்டார். நைட்ரஜன் அழுத்தம் ஒரு மணி நேரம் குறையாமல் நின்ற பிறகே, முக்கால் மணி நேரம் உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுத்து, இழந்த எண்ணெயைச் சேர்த்து, சரியாக 800 கிராம் எடைபோட்டு நிரப்பினார். கொஞ்சம் கூடுதலாய்ப் போட்டால் இன்னும் குளிருமே என்று நான் கேட்டேன். அதிகமானாலும் குளிர் குறையும், கம்ப்ரஸரும் கெடும் என்றார். (இந்தக் கேஸ் வேலையை வீட்டில் யாரும் முயலவேண்டாம். தெறித்தால் கண்ணையும் தோலையும் உறையவைத்துக் கெடுத்துவிடும். சல்லடையை மறைக்காதிருப்பதும் முன்வடிகட்டியை மாற்றுவதும் நம் வேலை.)

வண்டி நிற்கும்போது மட்டும் குளிர் குறைந்து, ஓடும்போது சரியாகிவிடுமானால் முன்னாலுள்ள கண்டென்சரையும் அதன் விசிறியையும் பார்க்கச் சொன்னார். எங்களுக்கு அந்தப் பழுது இல்லை. வெயிலில் நின்ற வண்டியில் ஏறுமுன் கதவுகளை இரண்டு நிமிடம் திறந்துவைப்பதும், முன்பக்கக் காற்றை ஒன்றில் வைக்காமல் இரண்டில் வைப்பதும் நல்லதாம். முன்காயில் சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரஸரை நிறுத்திவிடாமல், பின்பக்கத்திற்கும் வேலை நடக்கும். எனக்குச் சற்று இரைச்சல் கூடும், அவ்வளவுதான்.

மாலையில் மறுபடியும் மூன்றாம் வரிசையில் ஏறினேன். முன்னால் 8, பின்னால் 12. ஜமக்காளங்கள் இப்போது ஆலயத்து அலமாரியில் இருக்கின்றன.

கமிட்டியில் கணக்கை வைத்தபோது, இரண்டு முறை வீணாய்க் கேஸ் நிரப்பிய செலவையும் சேர்த்து வாசித்தேன். அந்தப் பட்டறையை ஒருவர் கடிந்து பேசினார். அவர்களிடம் வண்டியை விடும்போது, "ஏசி குறைவு" என்று மட்டும் சொல்லியனுப்பியவன் நான். எந்த இருக்கையில் குறைவு என்று சொல்லவில்லை. திரும்ப எடுக்கும்போது முன்னிருக்கையில் உட்கார்ந்து நன்றாயிருக்கிறது என்று பணம் கொடுத்தவனும் நானே. அதையும் சொன்னேன். ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அடுத்த மாதப் பயணத்திற்கு ஆச்சியும் வந்தார். முன்னிருக்கையில் அமரும்படி வேண்டினேன். "முன்னால் வெயில் முகத்தில் அடிக்கும், ஆளை விடுங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டு வழக்கம்போலக் கடைசி வரிசையில் ஏறினார். நானும் அங்கேயே ஏறினேன். எல்லார் கையிலும் ஒரு தண்ணீர்ப் புட்டி. வழியில் கழிப்பறைக்காக ஒரு முறை நிறுத்துவதென்றும் தீர்மானித்திருந்தோம். ஜெபித்துப் புறப்பட்டோம். புதுக்கோட்டை தாண்டியதும் ஆச்சி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொள்வதைக் கண்டேன்.

"என்ன ஆச்சி?"

"ஒன்றுமில்லை ஐயா."

"குளிருகிறதா?"

சிறிதுநேரம் பேசாதிருந்து, "கொஞ்சம்" என்றார்.

நடு வரிசைக்கு மேலே கூரையில் இருக்கும் திருகைக் காட்டினேன். அவர் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதை நாங்கள் தொடலாமா ஐயா? சபை வண்டி, திருகிக் கெடுத்துவிடக் கூடாதே என்று யாரும் கைவைக்கிறதில்லை" என்றார்.

நடு வரிசையில் இருந்த அம்மாள் கையை உயர்த்தி, இரண்டுக்குத் திருப்பினார்.